எந்த நாட்டு லென்ஸ் திறம்?

ஓய்வுபெற்று வேலணைக்குத் திரும்பிய பிறகும் கண் கிளினிக் என்னை விட்டபாடில்லை. கண் தியேட்டரில் நெடுங்காலம் தாதியாக நின்றவள் என்று ஊருக்கெல்லாம் தெரியும். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கிளினிக் கொப்பியோடு வந்து விறாந்தையில் இருப்பார்கள். நெடுந்தீவு ஆட்களுக்கு இன்னும் வசதி. குறிகட்டுவானில் வள்ளத்தால் இறங்கி யாழ்ப்பாணம் போகிற வழியில்தான் என் வீடு.

வருகிறவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வெள்ளை எடுக்கச் சொல்லிப்போட்டினம். எந்த நாட்டு லென்ஸ் திறம்? எவ்வளவு முடியும்?"

எனக்கு இந்தக் கேள்வியில் பெரிய மரியாதை இல்லை. லென்ஸ் எங்கே செய்தது என்பதைவிட, அது கண்ணுக்குள் எந்த இடத்தில் இருக்கப்போகிறது, எந்த அளவு பார்த்து எடுத்தது, எந்தக் கட்டத்தில் ஒப்பரேசனுக்குப் போகிறீர்கள் என்பவைதான் பார்வையைத் தீர்மானிப்பவை. தியேட்டரில் நின்று பார்த்தவளுக்கு அது தெரியும். விறாந்தையில் துண்டு துண்டாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

கண்மணிக்கு நேரே பின்னால் எல்லாருக்கும் பிறவியிலேயே ஒரு வில்லை உண்டு. ஒன்பது பத்து மில்லிமீற்றர் அகலம், நாலைந்து மில்லிமீற்றர் தடிப்பு. அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை. அந்த உறையை நுண்ணிய நார்கள் சுற்றிவர இழுத்துப் பிடித்திருக்கின்றன. வயது போகப்போக வில்லைக்குள் இருக்கிற புரதம் கலங்கி வெளிச்சத்தை மறிக்கிறது. அதுதான் வெள்ளை, கண்புரை. நெடுந்தீவாருக்கு இதை விளங்கப்படுத்த நான் நுங்கைத்தான் எடுப்பேன். இளம் நுங்கு விரலை விட்டாலே வந்துவிடும். மரத்திலேயே விட்டால் சீக்காயாகிக் கத்திக்கும் மசியாது. கண்ணுக்குள்ளும் அப்படித்தான். "நல்லா முத்தட்டும், பிறகு எடுப்பம்" என்று காத்திருக்கிறவர்கள் டொக்டருக்கு வேலையைக் கூட்டுகிறார்கள், தங்கள் கண்ணுக்கு ஆபத்தையும் கூட்டுகிறார்கள்.

முத்தட்டும் என்ற பேச்சு சும்மா வந்ததல்ல. முந்திய காலத்தில் வில்லையை உறையோடு சேர்த்து முழுதாக வெளியே எடுப்பார்கள். நன்றாக முத்தும் வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்வார்கள். எடுத்த இடம் வெறுமையாக இருக்கும். அதற்கு ஈடாகத் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் எல்லாம் கால்வாசிக்கு மேல் பெரிதாகத் தெரியும், ஓரம் வளையும், படி இறங்கக் கால் தடுமாறும். அந்தக் கண்ணாடியோடு வள்ளத்தில் ஏறின கிழவிகளை இரண்டு பேர் கையில் பிடித்து இறக்கினதை எங்கள் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். தஞ்சாவூர் சரபோஜி மன்னர் இருநூறு வருசத்துக்கு முன்னரே கண் நோயாளர்களின் குறிப்புகளைப் படத்தோடு எழுதிவைத்தார். அவை இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் வெள்ளையை அகற்றத் தெரிந்திருந்தது. அகற்றிய இடத்தில் எதை வைப்பது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

அதைச் செய்து காட்டியவர் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஹரோல்ட் ரிட்லி. இரண்டாம் உலகப்போரில் விமானத்தின் முன்கூடு உடைந்து சிதறிய பேர்ஸ்பெக்ஸ் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்விட்டன. கண் அவற்றை எதிர்க்காமல் சும்மா வைத்திருந்ததை அவர் கவனித்தார். அந்தப் பிளாஸ்ரிக்கிலேயே வில்லை செய்வித்து, 1949 நவம்பர் 29 அன்று ஒரு பெண்ணின் கண்ணுக்குள் வைத்தார். லென்ஸ் கண்ணுக்குள் நின்றது. ஆனால் அளவு பிழைத்துவிட்டது. ஒப்பரேசன் முடிந்து பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு, கண்ணாடி அளவில் சொன்னால், 18 டயோப்டர் கிட்டப்பார்வை! உலகத்தின் முதல் லென்ஸே அளவு பிழைத்த லென்ஸ்தான். ரிட்லியின் சக டொக்டர்மாரில் பலர் கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைக்கிறான் என்று அவரை வருசக்கணக்காகத் திட்டினார்கள். பிறகு அவருடைய சொந்தக் கண்கள் இரண்டுக்கும் வெள்ளை எடுத்து, அவர் கண்டுபிடித்த அதே சாமானைத்தான் வைத்தார்கள்.

சரி, இனித் தியேட்டருக்குள் வாருங்கோ.

உங்களுக்குத் தெரிவது முகத்தை மூடின துணியும் மைக்ரோஸ்கோப்பின் வெளிச்சமும்தான். மருந்து விட்டோ ஊசி போட்டோ கண்ணை விறைக்கப் பண்ணியிருப்பார்கள். இப்போது அதிகம் நடக்கிற முறையில் கண்ணின் முன்படல ஓரத்தில் 2.2 முதல் 2.8 மில்லிமீற்றர் வரை ஒரு வாசல் வைப்பார்கள். அதற்குள்ளால் ஒரு ஜெல்லைச் செலுத்துவார்கள். அந்த ஜெல் கண்ணுக்குள் இடத்தைத் தாங்கிப் பிடிக்கும், முன்படலத்தின் உட்புறத்தில் இருக்கிற கலங்களையும் காக்கும். அந்தக் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அப்படியிருந்தும் நல்ல ஜெல்லைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்பதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

அடுத்ததுதான் கை நடுங்கக் கூடாத இடம். உறையின் முன்பக்கத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீற்றருக்கு வட்டமாக ஒரு திறப்பு வேண்டும். அதை வெட்டுவதில்லை. ஒரு முனையைத் தூக்கி, சுற்றிவரக் கிழித்துக்கொண்டு வந்து தொடங்கின இடத்திலேயே முடிப்பார்கள். 1980களில் கனடாவின் கிம்பெலும் ஜெர்மனியின் நொய்ஹானும் தனித்தனியே இந்த முறைக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன்னர் ஊசியால் சுற்றிவரக் குத்திக்குத்தித் திறப்பார்கள். விளிம்பு பல்லுப்பல்லாக இருக்கும், எங்கேயாவது ஓடிக் கிழியும். லென்ஸைத் தாங்கிப் பிடிக்கிற இரண்டு கால்களில் ஒன்று உறைக்குள்ளே, மற்றது வெளியே என்று இருந்து, மாதங்கள் போக லென்ஸ் ஒரு பக்கம் சரியும். வட்டம் முழு வட்டமாக விழுந்துவிட்டால் மீதி வேலையில் பாதி முடிந்த மாதிரித்தான். முழு வெள்ளையாக முத்தின கண்ணில் உறை எது, வெள்ளை எது என்றே தெரியாது. நீலச் சாயம் விட்டு உறையை நிறமாக்கித்தான் கிழிக்க வேண்டும். முத்தவிடுவதால் வருகிற முதல் தொல்லை அது.

பிறகு வில்லையை உடைத்து உறிஞ்சுவது. பல் சுத்தம் செய்கிற அதிர்வுக் கருவியைப் பார்த்து சார்ல்ஸ் கெல்மன் 1967இல் கொண்டுவந்த முறை இது. உள்ளே இருக்கிறதெல்லாம் போனபிறகு உறை வெறுமையாக நிற்கும். அதன் பின்பக்கம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நாலு பங்குதான் தடிப்பு. அந்த மெல்லிய படலத்துக்கு முன்னால்தான் இனி லென்ஸை இறக்க வேண்டும்.

என் வேலை அந்த இடத்தில்தான் வரும். லென்ஸ் பெட்டியில் இருக்கிற டயோப்டர், நோயாளியின் பெயர், வலக்கண்ணா இடக்கண்ணா எல்லாவற்றையும் கொப்பியோடு வைத்து வாய்விட்டு வாசிப்போம். டொக்டர் திருப்பிச் சொன்னால்தான் பெட்டியை உடைப்போம். 6 மில்லிமீற்றர் அகலமான லென்ஸ், இரண்டு கால்களோடு சேர்த்து 13 மில்லிமீற்றர் வரை நீளும். அதை ஜெல் பூசிச் சுருட்டி ஒரு சின்னக் குழாய்க்குள் ஏற்ற வேண்டும். கால் மடிந்த விதம் பிழைத்தால் லென்ஸ் தலைகீழாகப் போய் விழும். ஏற்றிவிட்டு நெடுநேரம் வைத்திருக்கவும் கூடாது.

குழாயின் மூக்கை வாசலில் வைத்து டொக்டர் மெதுவாகத் தள்ளுவார். முன்னங்கால் வட்டத் திறப்புக்குக் கீழே, உறைக்குள் நுழைய வேண்டும். அது நுழைந்ததும் லென்ஸ் விரியத் தொடங்கும். ஆறுதலாக விரிந்தால் நல்லது. படாரென்று விரிந்தால் பின்னால் இருக்கிற உறையைக் கிழித்துக்கொண்டு போகும். பின்னங்கால் இன்னும் வெளியில் நிற்கும். அதை ஒரு நுனி வளைந்த சின்னக் கொக்கியால் அழுத்திச் சற்றுச் சுழற்றி உள்ளே இறக்குவார். இரண்டு காலும் உறைக்குள் போய் லென்ஸ் நடுவில் நின்றதும் ஜெல்லைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். லென்ஸைச் சற்றுச் சரித்து அதற்குப் பின்னால் தேங்கினதையும் எடுக்க வேண்டும். விட்டால் அன்றிரவே கண்ணழுத்தம் ஏறி, தலையிடியும் சத்தியும் வரும். கடைசியாக, கிருமி பிடிக்காமல் இருக்க ஒரு அன்ரிபயோட்டிக் மருந்து கண்ணுக்குள்ளேயே. ஐரோப்பாவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், செஃபுரொக்சிம் மருந்தை இப்படிக் கண்ணுக்குள் விட்டவர்களுக்குக் கிருமித்தொற்று ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இதற்கு ஆகிற செலவு லென்ஸ் விலைக்குப் பக்கத்திலும் வராது.

"பெரிய வெட்டு வெட்டி எடுக்கிற முறை பழசாமே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தையல் போடுகிற பழைய முறையையும், தையல் இல்லாத சுரங்க முறையையும் அவர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வெண்விழியில் ஆறேழு மில்லிமீற்றருக்கு ஒரு சரிவான சுரங்கம் வைத்து, முத்தின வில்லையை முழுதாக வெளியே எடுத்து, மடங்காத லென்ஸை இடுக்கியால் பிடித்து உள்ளே வைப்பது இரண்டாவது. கண்ணின் அழுத்தமே சுரங்கத்தை மூடிக்கொள்ளும், தையல் வேண்டாம். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலும் நேபாளத்தில் கண் டொக்டர் சந்துக் ருயிட்டின் ஆஸ்பத்திரியிலும் இலட்சக்கணக்கான கண்களுக்கு இப்படித்தான் செய்திருக்கிறார்கள். ருயிட்டும் அவருடைய சகாக்களும் 108 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அதிர்வு முறையும் மறுபகுதிக்குச் சுரங்க முறையும் செய்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழிய, கண்ணாடி போட்டுப் பார்த்தபோது இரண்டு பகுதியிலும் 98 வீதமானவர்களுக்கு நல்ல பார்வை. சுரங்க முறைக்கு நேரமும் காசும் குறைவு. கல்லாக இறுகின வெள்ளையோடு வருகிற ஒரு நெடுந்தீவு அப்புவுக்கு டொக்டர் சுரங்க முறையைச் சொன்னால், அது மட்டமான வைத்தியம் என்று நினைக்கவேண்டாம். அந்தக் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு.

இனி உறை கிழிந்தால் என்ன செய்வது? எந்தக் கெட்டிக்கார டொக்டருக்கும் எப்போதாவது கிழியும். சின்னக் கிழிசல் என்றால் உறைக்கு முன்னால், கண்மணியைச் சுற்றியிருக்கிற கதிராளிக்குப் பின்னால் உள்ள இடுக்கில் லென்ஸை வைக்கலாம். ஆனால் அதற்கு மெல்லிய கால்கள் தனியாகப் பொருத்தின மூன்று துண்டு லென்ஸ் வேண்டும். உறைக்கென்று செய்த ஒற்றைத் துண்டு லென்ஸை அந்த இடுக்கில் வைத்தால் தடித்த கால்கள் கதிராளியில் உரசிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இடம் மாறினால் அந்த லென்ஸால் கண்ணுக்குக் கெடுதிதான்.

உறையே தாங்காது என்றால்? கதிராளியில் கவ்விப் பிடிக்கிற லென்ஸ் உண்டு, வெண்விழியில் நூலால் தைக்கிற முறை உண்டு. சென்னையில் அமர் அகர்வால் 2007 கடைசியில் ஒரு புது வழி செய்தார். வெண்விழியில் எதிரெதிரே இரண்டு மெல்லிய மடல்களைக் கிளப்பி, அவற்றுக்கடியில் துளையிட்டு, லென்ஸின் இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெண்விழிக்குள்ளேயே செருகி, இரத்தத்திலிருந்து எடுக்கிற ஃபைப்ரின் பசையால் மடலை ஒட்டிவிடுவார். கண்ணுக்குள் இரண்டு இடுக்கிகள் ஒன்றுக்கொன்று லென்ஸின் காலைக் கைமாற்றிக் கொடுப்பதைப் பார்க்க வேண்டும், அது ஒரு வித்தை. யப்பானிலிருந்து யமானே 2017இல் வெளியிட்ட முறையில் பசையும் இல்லை. மெல்லிய ஊசிகளுக்குள்ளால் கால்களை வெளியே எடுத்து, நுனியைச் சூடாக்கிக் குமிழாக்கி வெண்விழிக்குள் புதைத்துவிடுவார்கள். பசையோ குமிழோ, எதுவும் முதல் தெரிவு அல்ல. உறைக்குள் வைக்க முடிந்தால் உறைதான்.

உறை தாங்குமா என்பதை டொக்டர் முன்கூட்டியே ஓரளவு கணிப்பார். அதற்கு நீங்கள் இரண்டு விசயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, கண்ணில் எப்போதாவது அடிபட்டதா? வள்ளக் கயிறு விசிறி அடித்தது, பனைமட்டை குத்தினது, சின்ன வயதில் பந்து பட்டது எல்லாம் இதற்குள் வரும். உறையைப் பிடிக்கிற நார்கள் அப்போதே அறுந்திருக்கலாம். தெரிந்திருந்தால் உறைக்குள் ஒரு வளையம் போட்டுத் தாங்க வைக்கலாம். இரண்டாவது ஆம்பிளைகளுக்கு. சலம் தடைப்படுகிறது என்று ரம்சுலோசின் குளிசை குடிக்கிறீர்களா? அந்தக் குளிசை கதிராளியைத் தளர்த்திவிடும். ஒப்பரேசன் நடுவில் கண்மணி சுருங்கும், கதிராளி வாசலுக்கு வெளியே பிதுங்கி வரும். 2005இல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. குளிசையை முதல்நாள் நிறுத்திப் பயனில்லை. சொன்னால் டொக்டர் ஆயத்தமாக வருவார். கண் டொக்டரிடம் சலக்குளிசையைப் பற்றிச் சொல்ல வெட்கப்படுகிற அப்புமார் எங்கள் தீவுகளில் நிறையப் பேர்.

அடுத்தது அளவு. கண்ணின் நீளத்தையும் முன்படலத்தின் வளைவையும் அளந்துதான் எத்தனை டயோப்டர் லென்ஸ் என்று கணக்குப் பார்ப்பார்கள். நீளத்தில் 1 மில்லிமீற்றர் பிழைத்தால் இரண்டரை, மூன்று டயோப்டர் பிழைக்கும். ஒளியால் அளக்கிற கருவிதான் திறம். ஆனால் முத்தின வெள்ளைக்குள்ளால் ஒளி போகாதே! அப்போது ஒலியலையால் அளக்கிற கருவியைத்தான் நம்ப வேண்டும். அதைக் கண்ணில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அளவு மாறிவிடும். அளக்கிற நாளில் அவசரப்படாதேங்கோ. கடைசி வள்ளத்தைப் பிடிக்க வேண்டும் என்று மிஸியை நெருக்கினால் பிழைக்கப்போவது உங்கள் கண்தான்.

இனிக் கனடாவில் இருக்கிற ஒரு தம்பியிடம் வருகிறேன், என் பெரியம்மாவின் மகன். நெடுந்தீவில் இருக்கிற பெரியம்மாவுக்கு வெள்ளை என்றதும் அவர் வட்ஸ்அப்பில் எடுத்தார்.

"அக்கா, காசைப் பற்றி யோசியாதேங்கோ. இருக்கிறதிலேயே திறமான மல்ரிபோக்கல் லென்ஸைப் போடச் சொல்லுங்கோ."

"அம்மா என்னடா செய்யிறவ? கொம்பியூட்டரா பாக்கிறவ?"

"அதில்லை அக்கா, கண்ணாடி இல்லாமல் எல்லாம் தெரியுமாமே."

தெரியும்தான். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கிற லென்ஸ் அது. பிரித்துக் கொடுப்பதால் மங்கல் வெளிச்சத்தில் தெளிவு குறையும், இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். விழித்திரையில் நீரிழிவு தொட்டிருந்தால் அந்த லென்ஸ் வேண்டவே வேண்டாம். இரவில் கடலுக்குப் போகிற ஒருவர் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தூரத்துக்கு மட்டும் தெளிவு தருகிற லென்ஸும், பேப்பர் வாசிக்க ஒரு மலிவான கண்ணாடியும் அவருக்குப் போதும். பெரியம்மாவுக்கும் அதுதான் வைத்தது. கோழியும் ஆடும் வேலியும் கோயில் கோபுரமும் தெரிந்தால் போதும் அவவுக்கு.

விலையைக் கேட்டு லென்ஸைத் தரம் பிரிக்கிறவர்களுக்கு லென்ஸ் செய்கிற மதுரை ஓரோலாப்பின் கதையைச் சொல்ல வேண்டும். 1976இல் 11 கட்டிலோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டொக்டர் வெங்கடசாமி, வாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களோடுதான் ஒப்பரேசன் செய்தார். வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டொலர் அளவில் விற்ற காலத்தில், அவருடைய ஆஸ்பத்திரிக்காரர் 1992இல் ஓரோலாப்பைத் தொடங்கி 10 டொலர் அளவில் லென்ஸ் செய்து காட்டினார்கள். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. "இந்தியன் லென்ஸோ?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

சிலருக்கு ஒன்றிரண்டு வருசத்தில் பார்வை திரும்ப மங்கும். "லென்ஸ் பழுதாப் போச்சு" என்பார்கள். லென்ஸ் பழுதாவது அரிது. பெரும்பாலும் பின் உறையில் மிஞ்சின கலங்கள்தான் பரவி மூடுகின்றன. லேசரால் நடுவில் ஒரு துளை போட்டால் சில நிமிசத்தில் முடிகிற காரியம்.

தீவு ஆட்களுக்கென்று கடைசியாகச் சிலது. ஒப்பரேசன் முடிந்த அன்றே வள்ளம் ஏறாதேங்கோ. அடுத்தநாள் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள், பிறகு ஒரு கிழமையில் பார்ப்பார்கள். அந்த முதல் கிழமையாவது யாழ்ப்பாணத்தில் இனசனத்தின் வீட்டில் நில்லுங்கோ. சோளகம் தூக்கினாலோ வாடை அடித்தாலோ வள்ளம் ஓடாது, கண்ணில் கிருமி பிடித்தால் அது காற்று அடங்கும் வரைக்கும் பொறுக்காது. சொட்டு மருந்துப் போத்தலை ஒவ்வொரு முறையும் குலுக்குங்கோ, சில மருந்து அடியில் தங்கிவிடும். தலைமுழுக்கு, அடுப்புப் புகை, கிணற்றுத் தண்ணீரை முகத்தில் அள்ளி அடிப்பது எல்லாம் சில கிழமைக்கு வேண்டாம். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி இருந்தால் ஆறுதலாகப் போகலாம். திருநீற்றை மற்றவர் நெற்றியில் பூசவிட்டால் கண்ணில்தான் கொட்டுப்படும்.

கண் சிவந்து, நோவு கூடி, முதல்நாள் தெரிந்த பார்வை குறைந்தால் கொப்பியில் எழுதின கிளினிக் திகதியைப் பார்க்காதேங்கோ. அந்த மணித்தியாலமே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன்: விலை கூடின லென்ஸுக்கு அனுப்ப நினைத்த காசில், அம்மாவோடு அந்தக் கிழமை முழுக்க யாழ்ப்பாணத்தில் நிற்க ஒரு ஆளை ஒழுங்கு பண்ணுங்கோ.